ஓட்டியவர் யார்

மிதுனாவின் ஓட்டுநர் உரிமத்தில் எட்டுப் புள்ளிகள் இருந்தன. எட்டும் என்னுடையவை.

அவள் இறந்து நாற்பத்தாறு நாள் ஆகியிருந்தபோது அவளுடைய அப்பா போனில் அழைத்தார்.

"மாப்ள, நாளானிக்கு விசாரணைங்க. ஒம்போதரைக்கெல்லாம் ரெடியா இருங்க. நானே வந்தர்றேன்."

சரி என்றேன். அந்த எட்டுப் புள்ளிகளும் யாருடையவை என்று அவருக்குத் தெரியாது. தன் மகள் மேல் யாரோ பொய் வழக்குப் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். அதை நிரூபிக்கத்தான் விசாரணை.

கொப்பரை உலர்த்தும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் வேலை. கம்பெனி பொள்ளாச்சியில். இயந்திரங்களில் பாதி எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. வாரத்தில் நான்கு நாள் கேரளச் சாலைகளில் இருப்பேன். கார் மிதுனாவினுடையது. கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்தது. எங்கள் பக்கம் கார் பெண்ணின் பெயரில் வரும். சாவி மாப்பிள்ளை கையில் இருக்கும். சாவி இல்லாத காலம் வந்த பிறகும் அது அப்படித்தான்.

நாடு முழுவதற்கும் ஒரே புள்ளிப் பதிவேடு வந்தபோது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. சாலை விதியை மீறினால் அபராதமும் உண்டு, உரிமத்தில் புள்ளியும் ஏறும். அபராதம் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துவிடும். அது யாருக்கும் வலிக்கவில்லை. புள்ளிதான் வலித்தது. பன்னிரண்டு சேர்ந்தால் உரிமம் ஒரு வருடத்துக்கு நிற்கும். நின்றால் எந்த வண்டியும் உங்களுக்காக நகராது. உட்கார்ந்தவுடன் வண்டி முகத்தைப் பார்க்கும், உரிமத்தைப் பார்க்கும், பிறகுதான் உயிர் பெறும். ஸ்கூட்டிக்கும் அதே விதி.

முதல் ஒன்பது புள்ளிகளை நான் நேர்மையாக ஏற்றுக்கொண்டேன். நோட்டீஸ் வண்டியின் உரிமையாளருக்குத்தான் வரும். ஆகவே மிதுனாவின் போனுக்கு வரும்.

"ஏனுங்க, ஆலத்தூர்கிட்ட எம்பத்தாறுல போனீங்களா?"

"யார் சொன்னா?"

"கேரளா கவருமெண்டு சொல்லுது. ஓட்டியவர் யார்னு கேக்குது. என்ன சொல்லட்டும்?"

"நான்தான்னு சொல்லு. வேற யாரு?"

இப்படி மூன்று முறை. ஒன்பதைத் தொட்டதும் பயம் வந்தது. போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிரே மயில்சாமி என்று ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸைத் தவிர மற்ற எல்லா வேலையும் அங்கே நடக்கும். அவரிடம் போனேன்.

"அந்தக் காலத்துல கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டத் தாண்டிட்டா கேஸும் கோவிந்தாங்க" என்றார் மயில்சாமி. "அவிய எழுதுன ரசீது அவியகிட்டயே கெடக்கும். இப்ப நீங்க ஊடு வந்து சேர்றதுக்கு முன்னாடி கேஸு வந்து சோபாவுல உக்காந்துக்குது. கேரளாவுல செஞ்சாலும் காசுமீர்ல செஞ்சாலும் நம்மூர் ரோட்டுல செஞ்ச மாதிரியேதான். லைசென்ஸ் குடுத்த ஊருலதான் புள்ளி ஏறும்."

"குறைக்க வழி இல்லீங்களா?"

"கொறைக்க முடியாதுங்க. மாத்தலாம்." அக்கம்பக்கம் பார்த்தார். "ஊட்டுல அம்மிணிக்கு லைசென்ஸ் இருக்குதுங்களா?"

"இருக்கு."

"அதுல எத்தன புள்ளி?"

"ஒண்ணும் இல்ல."

"அட, லட்டு மாதிரி வெச்சுக்கிட்டு இங்க வந்து அழுவறீங்களே! பொம்பளைங்க லைசென்ஸுங்கறது பரண் மாதிரிங்க. வேண்டாததத் தூக்கி மேல போட்டர்லாம். ஊர்ல பாதிப் பேரு சம்சாரத்து லைசென்ஸ்ல பத்துக்கு மேல கெடக்குது. எனக்குத் தெரிஞ்ச ஒரு டாக்டரம்மா, ஆபரேசன் பண்றவிய, ஊட்டுக்காரர் புண்ணியத்துல ஆட்டோவுல போறாங்க."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

"கேமராவுல மூஞ்சி தெரியாதுங்களா?"

"மூஞ்சியப் புடிக்கக் கூடாதுன்னு கோர்ட்டுல சொல்லிட்டாங்களே. நம்பர் பிளேட்டு மட்டுந்தான். ஓட்டுனது யாருன்னு வண்டிக்குத் தெரியும். ஆனா ஓனர் சம்மதம் இல்லாம வண்டி வாயத் தொறக்காது. அதனால ஓனர் சொல்றதுதான் சாமி வாக்கு."

அடுத்த நோட்டீஸ் மூன்று வாரத்தில் வந்தது. மிதுனா பாடப்புத்தகம் ஒன்றுக்குத் தவளை வரைந்துகொண்டிருந்தாள். அதுதான் அவள் வேலை. வீட்டிலிருந்தே செய்வாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"பொய் சொல்லச் சொல்றீங்க."

"ஊரோட ஒத்துப் போலாங்கறேன்."

"ஊரோட போறதுக்கு எதுக்குங்க எம்பத்தஞ்சுல போறீங்க?"

"மூணே புள்ளி மிது. ரெண்டு வருசத்துல அழிஞ்சிரும்."

அவள் தவளையின் காலை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "செரி. ஆனா என்ற பேருல போறப்ப அறுபதுல போங்க. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னையத் தலை முழுகிருவாரு."

அவள் அப்பா ஈஸ்வரமூர்த்தி முப்பத்தொரு வருடம் லாரி ஓட்டியவர். குஜராத் வரை போவார். ஒரு வழக்கும் கிடையாது. அவளுக்குப் பதினெட்டு வயதானபோது அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஆளில்லாத சிக்னலில்கூட நிற்க வைத்து, "ரோடு பாக்குதோ இல்லியோ, நீ பாக்கற" என்பாராம்.

மறுநாள் இயந்திரக் குரல் அவளை அழைத்தது. ஓட்டியவர் யார், எதற்காகப் போனார், ஏற்கிறாரா என்று மூன்று கேள்விகள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் பதில் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டுக்கும் நான் எதுவும் சொல்லவேண்டி இருக்கவில்லை. போனை என் பக்கம் நீட்டுவாள்.

"உங்குளுதா, என்றதா?"

"உன்றது."

வீட்டில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது. டம்ளர் உடைந்தால், "ஒடச்சவர் யார்? ஓனர் சொல்றதுதான் சாமி வாக்கு" என்பாள். மூன்று, மூன்று, இரண்டு. ஆக எட்டு. அதோடு நிறுத்திக்கொண்டேன். கவனமாக ஓட்டினேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவளுக்கு இளைப்பு உண்டு. சிறுவயதிலிருந்தே. எங்கள் பக்கம் தென்னை நார்த் தூசி அதிகம். இரண்டு முறை முற்றியபோது அவளே காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், ஆவி பிடித்துவிட்டு, திரும்பி வந்து சமைத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னாள். ஒன்பது கிலோமீட்டர்.

அன்று செவ்வாய்க்கிழமை. பெரிய மோட்டார் ஒன்றை ஏற்றவேண்டி இருந்ததால் நான் கம்பெனி வேனில் நெம்மாறை போயிருந்தேன். கார் வீட்டில் நின்றது. உலர்த்தும் இயந்திரத்தின் சத்தத்தில் இரண்டு அழைப்பு கேட்கவில்லை. மூன்றாவதை எடுத்தேன்.

"ஏனுங்க." நடுவில் விசில் மாதிரி மூச்சு.

"என்னாச்சு?"

"இளைப்பு. மருந்து அடிச்சேன். கேக்கல. வண்டி எடுக்க மாட்டீங்குது. லைசென்ஸ நிறுத்தி வெச்சிருக்குதுன்னு சொல்லுது."

"அதெப்படி? எட்டுதான இருக்குது?"

விசில் மூச்சு மட்டும் கேட்டது.

"மிது?"

"ஆம்புலன்சுக்கு வண்டியே சொல்லிருச்சுங்க. நீங்க மெதுவா வாங்க."

முன்பெல்லாம் வண்டிகளில் அவசரப் பொத்தான் ஒன்று இருந்தது. அழுத்தினால் உரிமம் கேட்காமல் கிளம்பும். எல்லோருக்கும் தினமும் அவசரமாக இருந்ததால் அதை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு வண்டியே ஆம்புலன்சைக் கூப்பிடும். கூப்பிட்டது. ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்தை இறக்கிவிட்டு, முப்பத்து நான்கு நிமிடத்தில் வந்தது. பக்கத்துத் தோட்டத்தார் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

கேரளத்தின் எட்டை இங்கே பன்னிரண்டாகக் கணக்கிட்டுவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அவள் போனைத் திறந்து பார்க்க முடியவில்லை. அது அவள் முகத்துக்கு மட்டும் திறக்கும்.

கருமாதி முடிந்த வாரம் ஈஸ்வரமூர்த்தி மாமா ஒரு மனுவை எழுதிக்கொண்டு வந்தார். கையால் எழுதியது. எழுத்து லாரிப் பலகையில் எழுதுவதுபோல் பெரிது பெரிதாக இருந்தது.

"கேரளாவுல கேஸாமா. அதுனாலதான் நிறுத்துனாங்களாமா. ஏனுங்க மாப்ள, அந்தப் புள்ள என்னிக்காச்சும் தனியா கேரளாவுக்கு வண்டி எடுத்திருக்குதுங்களா?"

"இல்லீங்க மாமா."

"அப்பறம் எப்படிங்க? எவனோ நம்பர் பிளேட்ட மாத்திப் போட்டுட்டுச் சுத்தியிருக்கறான். இல்லீனா மிசினு தப்பாப் புடிச்சிருக்குது. என்ற புள்ள மஞ்சள் விழுந்தாலே நின்னுரும். அதையப் போயி…" நிறுத்திக்கொண்டார். பிறகு மனுவைத் திருப்பி என் பக்கம் வைத்தார். "வண்டியோட பதிவத் தொறந்து பாக்கச் சொல்லி எழுதியிருக்கறேன். அதுல எல்லாம் இருக்குமாமா. யாரு உக்காந்தா, எப்ப உக்காந்தான்னு. வாரிசு கையெழுத்துப் போட்டாத்தான் தொறப்பாங்களாமா. போடுங்க."

"யோசிச்சுப் போடலாமுங்களா?"

"யோசிக்கறதுக்கு என்னங்க இருக்குது? செத்துப்போனதுக்கு அப்பறம் அந்தப் புள்ளைக்குக் கெட்ட பேரு எதுக்கு?"

மனு எழுதுவதாக மாமா முதல் நாளே சொல்லியிருந்ததால், நான் மயில்சாமியிடம் போனில் கேட்டிருந்தேன். "தொறந்தா நீங்க மாட்டுனீங்க" என்றார் அவர். "புள்ளி பூரா உங்க தலையில வந்து உக்காரும். பொய் வாக்குமூலம் தனி. லைசென்ஸ் போனா வேல போச்சு. கையெழுத்து மட்டும் போட்டராதீங்க. போனவிய திரும்பி வரப் போறதில்லீங்க."

கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று தெரியவில்லை. மாமா பேனாவை நீட்டிக்கொண்டிருந்தார்.

விசாரணை அறையில் மூன்று நாற்காலிகளும் ஒரு திரையும் இருந்தன. அதிகாரி பர்வீன். ஐம்பது வயது இருக்கும். மனுவை முழுவதும் படித்தார். அவசரப்படவில்லை.

"சார், உங்க மகளோட சாவுக்கு எங்க துறைதான் காரணம்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க மேடம். ஓட்டாத வண்டிக்குக் கேஸ் போட்டா வேற யாருங்க காரணம்?"

"வெளிமாநிலக் கேஸ்னா நாங்க விசாரிக்கிறது இல்ல சார். அவங்க அனுப்புவாங்க. உரிமையாளர் யாரு ஓட்டினதுன்னு சொல்லுவாங்க. நாங்க ஏத்துவோம். அவ்வளவுதான் எங்க வேலை."

"அவ சொல்லியிருக்க மாட்டா."

"சொல்லியிருக்காங்க சார்."

மாமா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"அது அவ கொரலு மாதிரி வேற யாரோ பேசியிருப்பாங்க. இப்பத்தான் எதையும் பண்றாங்களே. வண்டியத் தொறங்க மேடம். வண்டி பொய் சொல்லாது."

பர்வீன் என் பக்கம் திரும்பினார். "வாரிசு நீங்கதான். மனுவுல கையெழுத்து இருக்கு. இருந்தாலும் வாயாலயும் சொல்லணும். வாகனப் பதிவைத் திறக்கச் சம்மதமா?"

நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துக்கொண்டேன். அது மட்டும் நினைவிருக்கிறது.

"திறக்கலாம் மேடம். ஆனா அதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். அந்த மூணும் நான் ஓட்டினது. என் லைசென்ஸ்ல ஒன்பது இருந்துச்சு. அதனால அவளச் சொல்லச் சொன்னேன்."

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மாமா மிக மெதுவாக, "மூணுமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க மாமா."

அவர் மனுவை எடுத்தார். மடித்தார். மறுபடியும் மடித்தார்.

"மூணுன்னு சொன்னீங்க" என்றார் பர்வீன். "இங்க நாலு இருக்கே."

"இல்ல மேடம். மூணு. மொத்தம் எட்டுப் புள்ளி."

"எட்டுக்கு நாங்க நிறுத்த மாட்டோமே சார்." திரையை என் பக்கம் திருப்பினார். "நாலாவது. வடக்கஞ்சேரி. சிவப்புல தாண்டினது. நாலு புள்ளி. அவங்க இறந்ததுக்குப் பதிமூணு நாள் முன்னாடி."

வடக்கஞ்சேரி எனக்கு நினைவு வந்தது. வாடிக்கையாளர் போனில் கத்திக்கொண்டிருந்தார். மழை. முன்னால் போன லாரி மறைத்தது. சிக்னலைத் தாண்டிய பிறகுதான் சிக்னல் என்றே தெரிந்தது. நோட்டீஸ் எதுவும் வராததால் கேமரா வேலை செய்யவில்லை என்று நினைத்தேன்.

"அது எனக்கு வரல மேடம்."

"உங்களுக்கு வராது. அவங்களுக்கு வந்திருக்கு. ரெண்டு நாள்ல பதில் சொல்லியிருக்காங்க. கேக்கிறீங்களா?"

மாமா, "போடுங்க" என்றார்.

முதலில் இயந்திரக் குரல் வந்தது. பிறகு அவள்.

"வாகனத்தை ஓட்டியவர் யார்?"

"நாந்தானுங்க. மிதுனா."

"பயணத்தின் நோக்கம்?"

கொஞ்சம் தயங்கினாள். பிறகு சிரிப்பை அடக்கும் குரல். எனக்குத் தெரிந்த குரல். "பழம்பொரி வாங்கப் போனேனுங்க."

"நோக்கம் பதிவாகியது. இந்த ஒப்புதலால் உங்கள் உரிமத்தில் மொத்தம் பன்னிரண்டு புள்ளிகள் ஆகின்றன. உரிமம் இன்று முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு நிறுத்தி வைக்கப்படும். ஏற்கிறீர்களா?"

"ஒரு சந்தேகமுங்க. என்ற ஊட்டுக்காரருக்கு இது மெசேஜ் போகுமுங்களா?"

"உரிமம் வைத்திருப்பவருக்கு மட்டுமே தகவல் அனுப்பப்படும்."

"அப்பச் செரிங்க. ஏத்துக்கறேன்."

"நன்றி."

"செரிங்க, வெச்சர்றேன்."

அவ்வளவுதான்.

ஒன்பதும் நாலும் பதிமூன்று. எட்டும் நாலும் பன்னிரண்டு. இரண்டு பேரில் ஒருவர் நிற்க வேண்டும். எனக்கு வேலைக்கு உரிமம் வேண்டும். அவள் வீட்டில் இருப்பவள். கணக்குப் போட்டிருக்கிறாள். என்னிடம் சொன்னால் நான் என்ன சொல்வேன் என்பதையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள்.

அந்தப் பதினொரு நாளும் அவள் வண்டியைத் தொடவில்லை. அப்போது எனக்கு அது தெரியவில்லை. ஒரு நாள் தையல்கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னாள். நான் படுத்திருந்தேன். "நீயே எடுத்துட்டுப் போயேன்" என்றேன். "செரிங்க" என்றாள். நடந்து போயிருக்கிறாள். இரண்டு கிலோமீட்டர். வந்தபோது வியர்த்திருந்தது. வெயில் என்றாள்.

பர்வீன் வண்டியின் பதிவைத் திறந்தார். நான்கு குற்றங்களின்போதும் ஓட்டுநர் இருக்கையில் இருந்தது என் முகம். பெயரோடு காட்டியது. அவர் அதைக் குறித்துக்கொண்டு வேகமாகக் கீழே தள்ளினார்.

"நில்லுங்க மேடம்" என்றார் மாமா. "அந்தச் செவ்வாக்கெழம."

"அது வேண்டாம் சார். மனுவுக்கு அது தேவையில்ல."

"நான் பாக்கோணும்."

காட்டினார். ஒன்பது பன்னிரண்டு. முகம் ஏற்கப்பட்டது, உரிமம் ஏற்கப்படவில்லை. ஒன்பது பதின்மூன்று. அதே. ஒன்பது பதினாறு. அதே. மொத்தம் ஏழு முறை. ஒன்பது இருபத்தெட்டில், குளிர்சாதனம் இயக்கப்பட்டது. ஒன்பது முப்பதில், இருக்கை பின்னால் சாய்க்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மாமா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். பள்ளிக்கூடப் பிள்ளை படிப்பதுபோல.

பர்வீன் தண்ணீர்ப் புட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் குடிக்கவில்லை.

"இப்ப என்னங்க ஆகும்?" என்று மாமா கேட்டார். பர்வீனிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை.

"பன்னிரண்டும் இவரு உரிமத்துக்கு மாறும். இவருக்கு ஏற்கெனவே ஒன்பது இருக்கு. இந்த நிமிஷத்துல இருந்து இவர் எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. பொய் வாக்குமூலத்துக்குத் தனியா நோட்டீஸ் வரும். உங்க மக மேலயும் வரணும். ஆனா அவங்க இல்லாததால அது முடிஞ்சிரும்."

"அவ பேரு?"

"சுத்தமாயிரும் சார். ஒரு புள்ளிகூட இருக்காது. திருத்தம் முன்தேதியில இருந்தே வரும். அதாவது, அந்தக் குற்றம் நடந்த தேதியில இருந்தே அவங்க உரிமம் செல்லுபடி ஆனதாத்தான் பதிவேடு சொல்லும்."

மாமா கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப அந்தச் செவ்வாக்கெழம என்ற புள்ள வண்டி எடுத்திருக்கலாமுங்களா?"

பர்வீன் திரையில் தேதியை மறுபடியும் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாதவர் என்று நினைக்கிறேன்.

"பதிவேட்டுப்படி, எடுத்திருக்கலாம் சார்."

மாமா தலையை ஆட்டினார். எழுந்தார். நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளி வைத்தார். அதிகாரிக்குக் கும்பிடு போட்டார். மடித்த மனுவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

நான் நின்று இரண்டு தாள்களில் கையெழுத்துப் போட்டேன். பர்வீன் என் முகத்தைப் பார்க்காமல், "அப்பாவக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார். மாமனார் என்று நான் திருத்தவில்லை.

வெளியே வந்தபோது மயில்சாமி தன் கடையிலிருந்து கண்ணால் என்ன ஆயிற்று என்று கேட்டார். கடை முன்னால் ஒரு இளைஞன் நின்றுகொண்டிருந்தான். கல்யாணமாகி அதிக நாள் ஆகியிருக்காது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இன்னும் இருந்தது. மயில்சாமி அவனிடம் எதையோ சொல்ல, அவன் சிரித்தான்.

மாமா காரின் அருகே நின்றார். வரும்போது ஓட்டி வந்தது நான்.

"நீங்க அக்கட்டால ஏறுங்க" என்றார். மாப்ள என்று சொல்லவில்லை.

நான் சுற்றிப் போய் மறுபக்கம் உட்கார்ந்தேன். அவர் உட்கார்ந்தார். வண்டி அவர் முகத்தைப் பார்த்தது. உடனே உயிர் பெற்றது. இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டார். கண்ணாடியைத் திருத்தினார். கையைக் காட்டி, பின்னால் பார்த்து, வண்டியை எடுத்தார்.

நாற்பதிலேயே போனார். எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். முதல் சிக்னலில் மஞ்சள் விழுந்ததும் நின்றார். நாங்கள் தாண்டியிருக்கலாம். நிறைய இடம் இருந்தது.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மன்னிப்பு என்ற சொல் வாயில் வந்து நின்றது. அதை அவருக்குக் கொடுத்து அவர் என்ன செய்வார்?

இரண்டாவது சிக்னல் கடைவீதியில். சிவப்பு. எழுபது நொடி. எண்கள் குறைந்துகொண்டிருந்தன. அவர் நேராகப் பார்த்தபடி கேட்டார்.

"அவ என்னமோ வாங்கப் போனேன்னு சொன்னாளே. என்னதுங்க அது?"

"பழம்பொரிங்க மாமா."

"அது எதுல பண்றது?"

"நேந்திரம்பழத்துலங்க. மாவுல முக்கிப் பொரிக்கறது."

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். முப்பத்தொரு வருடக் கை.

"அவளுக்கு நேந்திரம்பழம் ஆகாதுங்களே" என்றார். "ஒரு துண்டு தின்னாப் போதும், நெஞ்சுல சளி கட்டி இழுக்க ஆரம்பிச்சிரும். நாலு வயசுல நிறுத்துனது. ஊட்டுக்குள்ளயே கொண்டாந்ததில்ல."

எனக்கு அது தெரியாது. பாலக்காட்டிலிருந்து வாரா வாரம் நான் வாங்கி வருவேன். அவள் எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்துத் தட்டில் வைத்துக் கொடுப்பாள். "நீ?" என்று கேட்டால், "வரையறப்ப எண்ணெய்க் கை ஆகாதுங்க" என்பாள். மூன்று வருடம் அதை நம்பியிருக்கிறேன்.

"அப்பறம் யாருக்கு வாங்கப் போனாளாமா?"

"எனக்குத்தாங்க மாமா புடிக்கும்."

அவர் தலையை ஆட்டினார். ஏதோ வழி கேட்டுத் தெரிந்துகொண்டவர்போல.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஒருவன் பக்கவாட்டில் வந்து கண்ணாடியைத் தட்டி, "யோவ் பெருசு, தூங்கறியா?" என்று கத்திவிட்டுப் போனான். ஈஸ்வரமூர்த்தி மாமா வண்டியை எடுக்கவில்லை. மறுபடியும் சிவப்பு விழும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம்.